நசுங்கல் மூணு, பிடி ஒண்ணு தளர்ச்சி

2023 டிசம்பரில் ஊருக்கு வந்த மூன்றாம் நாள். பள்ளத்தூர் வீட்டில் பிள்ளையார் நோன்புக்கு ஆத்தா இழை மாவு, அதாவது திரி ஏற்றிச் சுடரோடு எடுத்து உண்கிற மாவு, பிசைந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து அந்த மெயில் வந்தது. நாங்கள் இரண்டு வருஷம் குடியிருந்து, காலி செய்துவிட்டு வந்த வீட்டின் சொந்தக்காரர் அனுப்பியது. நாங்கள் கட்டிய டெபாசிட் 1,038 பவுண்டு. அதில் 960-ஐப் பிடித்துக்கொண்டு 78 பவுண்டு தருகிறேன் என்று எழுதியிருந்தார். படுக்கையறைக் கார்ப்பெட்டைப் புதிதாக மாற்ற 480, சுவருக்குப் பெயின்ட் அடிக்க 220, வீட்டைச் சுத்தம் செய்ய 160, சமையல் மேடையில் பட்ட மஞ்சள் கறைக்கு 100.

ஜனவரியில் கவென்ட்ரியில் புது வேலை, புது வீடு. அந்த வீட்டுக்குக் கட்ட வேண்டிய டெபாசிட்டுக்கு இந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தோம். நோன்பு நாளில் வாய்விட்டுச் சொல்லவும் மனம் வரவில்லை. இழை எடுத்து முடித்த பிறகு மனைவியிடம் மெயிலைக் காட்டி, "போனாப் போகுது, இங்கேயிருந்து என்ன பண்ண முடியும்" என்றேன். அவள் முழுக்கப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "வீட்டுக்குள்ள போன அன்னைக்கு எழுதினோமே, அந்த லிஸ்ட் எங்கே?"

அந்த லிஸ்ட் எங்கள் வீட்டுப் பழக்கத்திலிருந்து வந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் காட்சி என்றால் பெரிய பாத்திரங்களைப் பங்காளி வீடுகளுக்குக் கொடுத்து வாங்குவோம். எல்லாவற்றிலும் பேர் வெட்டியிருக்கும். கொடுக்கும்போது அப்பத்தா இரண்டாங்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துச் சொல்வார்கள், நான் சிட்டையில் எழுதவேண்டும். "பெரிய அண்டா ஒண்ணு. நசுங்கல் மூணு. பிடி ஒண்ணு தளர்ச்சி." நம் பாத்திரத்தின் நசுங்கலை நாமே ஏன் எழுதவேண்டும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "எழுதாமக் குடுத்தா, திரும்பி வரையில அவுகளைச் சந்தேகப்படத் தோணும்டா" என்றார்கள். அந்தச் சிட்டை வாங்கிப் போகிறவர்களைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்டது. இது எனக்கு முழுதாகப் புரிய இருபத்தைந்து வருஷமும் ஒரு வாடகை வீடும் தேவைப்பட்டன.

2021 செப்டம்பரில் லெஸ்டர் வீட்டுச் சாவியை வாங்கிய அன்று அப்பச்சி, என் அப்பா, போனில் சொன்னதும் அதுதான். "பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி, இருக்கிறதை எழுதிக்கப்பா." ஏஜென்ட் கொடுத்த இன்வென்டரியில், அதாவது வீட்டின் நிலையை எழுதிய பட்டியலில், கார்ப்பெட்டுக்கு நேரே "நல்ல நிலை" என்று போட்டிருந்தது. திருத்தம் இருந்தால் ஏழு நாளுக்குள் சொல்லச் சொன்னார்கள். நானும் மனைவியும் பென்சிலும் போனுமாக அறை அறையாக நடந்தோம். ஜன்னலோரம் கார்ப்பெட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை. படுக்கையறை மூலையில் மேல்சுவரில் ஈரத் தழும்பு. கதவுக் கைப்பிடி ஆட்டம். இப்படி 23 குறிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். எல்லாவற்றையும் மெயிலில் அனுப்பி, "கிடைத்தது" என்று ஒரு வரி பதிலும் வாங்கி வைத்தோம். அந்த ஒரு வரிதான் பின்னால் எங்களுக்குக் கை கொடுத்தது.

இங்கிலாந்துச் சட்டம் இதில் நம் பக்கம் எவ்வளவு நிற்கிறது என்பது அங்கே போய் இறங்குகிற நம் ஆட்களில் பலருக்குத் தெரிவதில்லை. வருஷ வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக்கூடாது என்பது 2019-ஆம் வருஷச் சட்டம். எங்கள் வாடகை மாதம் 900; அதற்கு ஐந்து வாரக் கணக்குத்தான் அந்த 1,038. வாங்கிய பணத்தை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த ஒரு பாதுகாப்புத் திட்டத்தில் வீட்டுக்காரர் பதிந்து, அதன் விவரத்தையும் நமக்குத் தரவேண்டும். டெபாசிட்டை இப்படிப் பதிகிற முறை 2007-லிருந்து இருக்கிறது. செய்யாவிட்டால் கோர்ட் டெபாசிட்டைப்போல ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை அவரைக் கட்டச் சொல்லலாம். டெபாசிட் புரொடெக்ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம் என்று மூன்று திட்டங்கள். நம் பணம் எதில் இருக்கிறது என்று அவர்களின் தளங்களிலேயே தேடிப் பார்த்துவிடலாம். எங்களுடையது முறையாகப் பதிவாகியிருந்தது. அந்த மட்டில் வீட்டுக்காரர் சரியாகவே நடந்திருந்தார்.

தகராறு என்றால் அந்தத் திட்டத்திலேயே செலவில்லாமல் நடுவர் தீர்ப்புக் கேட்கலாம். வக்கீல் வேண்டாம், நேரில் போகவும் வேண்டாம், இரண்டு பக்கமும் கொடுக்கிற காகிதத்தைப் பார்த்தே முடிவு சொல்வார்கள். நடுவர் அந்தப் பணத்தைக் குடியிருந்தவரின் பணமாகவே எடுத்துக்கொள்கிறார். பிடிக்க நினைக்கிற வீட்டுக்காரர்தான் காரணத்தை நிரூபிக்கவேண்டும். இதைப் படித்த இரவுதான் எனக்குத் தூக்கம் வந்தது. நான் நிரபராதி என்று காட்டவேண்டும் என்றே அதுவரை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

முதலில் வீட்டுக்காரருக்கே மரியாதையாகப் பதில் எழுதினேன். லெஸ்டர் எங்களுக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்ததால் அவர் பதில் எப்போதும் இங்கே இருட்டிய பிறகுதான் வரும். இரண்டு முறை எழுதியும் தொகையில் ஒரு பவுண்டுகூட இறங்கவில்லை. ஜனவரி 2-ஆம் தேதி, வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் பாய் விரித்து, லேப்டாப்பைச் சம்மணத்தில் வைத்துக்கொண்டு வழக்கைப் பதிந்தேன். பக்கத்தில் அப்பச்சி ஒரு குயர் நோட்டோடு உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் சட்டம் தெரியாது, ஆனால் பற்று வரவு தெரியும். "கோபத்தை எழுதாதே. அவர் கேக்குற ஒவ்வொரு உருப்படிக்கும் நேரே நம்ம பதிலையும் அதுக்கு உள்ள காகிதத்தையும் வை" என்றார்கள். முதலில் நான் எழுதியிருந்த மூன்று பக்கத்தையும் கிழித்துவிட்டு அப்படியே செய்தேன்.

கார்ப்பெட்டுக்கு முதல் நாள் படமும் லிஸ்ட்டும் இருந்தன. அதைவிட முக்கியமான ஒன்று மனைவி பழைய மெயில்களில் தேடி எடுத்தது: கார்ப்பெட் 2015-ல் போட்டது என்று வீட்டுக்காரரே எங்களுக்கு எழுதியிருந்தார். எட்டு வருஷம் மிதிபட்ட கார்ப்பெட்டுக்குப் புதுசின் விலையைக் கேட்க முடியாது. ஒரு பொருளுக்கு எவ்வளவு ஆயுள், அதில் எவ்வளவு கழிந்தது என்று பார்த்து மிச்சத்துக்குத்தான் கணக்கு. சாதாரணமாகப் புழங்கியதால் வருகிற தேய்மானத்தைக் குடியிருந்தவர் தலையில் கட்டவும் கூடாது. ஆத்தங்குடிக் கல்லில் நடந்து வளர்ந்தவன் நான். சிந்தினால் துணியால் துடைத்துவிட்டுப் போகிற தரை அது. கார்ப்பெட்டின் மேல் வாழ்வதே எங்களுக்குப் புதுசு, அதற்கு ஆயுள் கணக்கு உண்டு என்பது அதைவிடப் புதுசு.

சுவரில் கறுப்புப் பூஞ்சை படர்ந்தது நாங்கள் வீட்டுக்குள் துணி காயப்போட்டதால்தான் என்பது அவர் வாதம். மழைநீர்க் குழாய் ஒழுகி வெளிச்சுவர் நனைகிறது என்று நாங்கள் 2021 நவம்பரிலும் மறு ஜனவரியிலும் எழுதிய மெயில்கள் இருந்தன. போனில் மட்டும் சொல்லியிருந்தால் இந்த 220 போயிருக்கும். எங்கள் பட்டாலைச் சுவர் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்தது, நூறு வருஷமாகப் பெயின்ட்டையே பார்க்காதது. அதில் சாய்ந்துகொண்டு ஈரச் சுவரைப் பற்றி எழுதியபோது மனசுக்கு என்னவோபோல இருந்தது.

மஞ்சள் கறை எங்களுடையதுதான். குழம்பு வைத்த கரண்டியை அப்படியே மேடையில் வைத்திருக்கிறோம். ஓவன் அடுப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததும் உண்மை. இரண்டையும் ஒப்புக்கொண்டு எழுதிவிடலாமா என்று தயங்கியபோது, "எழுது. நம்ம கணக்குல உள்ளதை மறைக்கக்கூடாது" என்றார்கள் அப்பச்சி. எழுதினேன்.

இதற்கிடையில் மூன்றாம் வீட்டுப் பங்காளி பையன், மேல்படிப்புக்கு இங்கிலாந்து போகப்போகிறவன், பட்டாலைக்கு வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "அண்ணே, எனக்கு அங்க ஒரு தமிழ்க் குடும்பத்து வீட்டுலயே ஒரு ரூம் பேசியிருக்கு" என்றான். எனக்குக் கவலையாகிவிட்டது. வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்து ஓர் அறையை மட்டும் விட்டால் இந்தப் பாதுகாப்புத் திட்டம் அதற்குப் பொருந்தாது. நம் பிள்ளைகள் அதிகமாகப் போய்த் தங்குவதும் அப்படிப்பட்ட அறைகளில்தான், கையில் ரொக்கம் கொடுத்துவிட்டு. நம் ஆள்தானே, ரசீது கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சப்படுகிறார்கள். அவனிடம் இரண்டு முறை சொன்னேன்: பணத்தை பேங்க் வழியாக மட்டும் அனுப்பு, எதற்காக, எவ்வளவு, எப்போது திரும்பும் என்று ஒரு மெசேஜாவது எழுதி வாங்கு. கூச்சமாக இருந்தால் எங்கள் அப்பத்தா சிட்டையைப் பற்றிச் சொல். சொந்தப் பங்காளிக்கே எழுதித்தான் கொடுத்தார்கள்.

ஜனவரி நடுவில் கவென்ட்ரிக்குத் திரும்பினோம். ஆதாரங்கள் எல்லாம் சேர்ந்து நான்கு வாரத்தில் தீர்ப்பு வந்தது. கார்ப்பெட்டுக்கு ஒன்றுமில்லை, சுவருக்கும் ஒன்றுமில்லை. சுத்தம் செய்யக் கேட்ட 160-இல் ஓவனுக்கு மட்டும் 50. மேடைக்கு 45. முந்தைய 78-ஐயும் சேர்த்து எங்களுக்கு 943 பவுண்டு. பணம் கணக்கில் ஏறிய அன்றைக்கே அப்பச்சியைக் கூப்பிட்டேன். குயர் நோட்டைத் தேடி எடுக்கிற சத்தம் போனில் கேட்டது.

"எவ்வளவு பிடிச்சிருக்காக?"

"95, அப்பச்சி."

"அந்த 95 நியாயந்தானா?"

"நியாயந்தான். நம்ம செஞ்சதுதான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. எழுதிக்கொண்டிருந்தார்கள். "சரிப்பா, கணக்கு நேராயிருச்சு" என்றுவிட்டு, புது வீட்டில் எழுதியாகிவிட்டதா என்று கேட்டார்கள். எழுதியிருந்தோம். இந்தத் தடவை 31 குறிப்பு.