வளராத பல் வளர்ந்ததாகக் காட்டிய படம்

தண்டையார்பேட்டையில் நான் நடத்திவரும் சிறிய பல் மருத்துவமனைக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம் என்பதால், வருகிறவர்களில் பலர் கடலை நம்பிப் பிழைப்பவர்கள். அவர்களுள் ஒருவர் வலை பழுதுபார்ப்பவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசுகிறது என்று வந்தார். மேல் முன்பற்கள் இரண்டில் இடப்பக்கத்துப் பல்லின் விளிம்பில், நைலான் நூல் கச்சிதமாக உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. முடிச்சை இறுக்கும்போது நூலைப் பல்லில் கவ்விக்கொள்வதும், மிச்சத்தைக் கடித்து அறுப்பதும் சிறுவயதிலிருந்தே வந்த பழக்கமாம். கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் நாக்கு நுனியால் அந்தப் பள்ளத்தைத் தடவிவிட்டு, "இதே மாதிரி எங்க அப்பாருக்கும் இருந்துச்சு டாக்டரம்மா" என்றார்.

பள்ளம் இருக்கிறது என்பதைச் சொல்ல எந்தக் கருவியும் தேவையில்லை. அது எப்போதோ தேய்ந்து நின்றுவிட்ட பழைய தேய்மானமா, இப்போதும் தேய்ந்துகொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமத்தாலான எனாமல், அதாவது பல்லின் வெளிப்பூச்சு, நம் உடலிலேயே கடினமான பொருள். ஆனால் அதை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், ஒருமுறை தேய்ந்துபோனது திரும்ப வளர்வதில்லை. கடைவாய்ப் பற்களில், ஒன்றோடொன்று படும் இடங்களில், இயல்பான தேய்மானமே ஆண்டுக்குச் சுமார் 30 மைக்ரான் வரை இருக்கும். தலைமுடியின் தடிமனை விடக் குறைவான இந்த அளவைக் கண்ணால் பிடிக்க முடியாது, எக்ஸ்ரேயிலும் தெரியாது. 2008 முதல் நாங்கள் பயன்படுத்தும் பெவி என்ற மதிப்பீட்டு முறை 0 முதல் 3 வரை எண் கொடுத்துத் தேய்மானத்தின் தீவிரத்தைச் சொல்லுமே தவிர, ஓராண்டில் நடந்த நுண்ணிய மாற்றத்தைச் சொல்லாது. முன்பெல்லாம் அச்செடுத்து, பிளாஸ்டர் மாதிரிகள் செய்து, அட்டைப் பெட்டிகளில் அடுக்கி வைப்போம். இரண்டு ஆண்டு கழித்து எடுத்துப் பார்த்தால், முனை உடைந்திருப்பது பல்லா பிளாஸ்டரா என்ற சந்தேகமே மிஞ்சும்.

வாய்க்குள் விட்டுப் பிடிக்கும் ஸ்கேனர் வந்த பிறகு, இரண்டு தேதிகளில் எடுத்த முப்பரிமாணப் படங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, வித்தியாசத்தை நிறங்களாகப் பார்க்க முடிந்தது. எங்கள் மென்பொருளில் தேய்ந்த இடம் சிவப்பு, மாறாத இடம் பச்சை, உயர்ந்த இடம் நீலம். இந்த நிறங்களின் கவர்ச்சியில்தான் நான் தவறினேன். ஆறு மாதம் கழித்து அவருக்கு இரண்டாவது ஸ்கேன் எடுத்து, மேல்வரிசை முழுவதையும் மென்பொருளே பொருத்திக்கொள்ளட்டும் என்று விட்டேன். பள்ளம் சிவந்து நின்றது; 100 மைக்ரானுக்கு மேல் தேய்ந்துவிட்டதாக அவரிடம் சொல்லியும் விட்டேன். மனிதர் மிரண்டுபோனார். மறுவாரம் மருந்து வாங்க வந்தபோது, கழுத்தில் ஒரு சின்னக் கத்தரிக்கோலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

அன்றிரவு அதே படத்தை மறுபடி திறந்தபோதுதான் கடைவாய்ப் பக்கம் பரவியிருந்த நீலம் உறைத்தது. எனாமல் வளராது, அந்தப் பக்கம் புதிதாகப் பல் அடைப்போ, படிந்து இறுகிய காரையோ இல்லை. அப்படியானால் படங்கள் பொருந்தியதே கோணல். முழு வரிசையை ஸ்கேன் செய்யும்போது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சிறு சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். பற்களும் ஆண்டுகளில் இம்மி இம்மியாக நகரும். மென்பொருளோ மொத்த வித்தியாசத்தைக் குறைக்கவே பார்ப்பதால், அந்தப் பிழையை எல்லாப் பற்களுக்கும் பங்கு வைத்துவிடுகிறது. அந்த ஒரு பல்லை மட்டும் தனியே வெட்டியெடுத்து, நூல் படாத உதட்டுப்பக்க நடுப்பரப்பை ஆதாரமாக வைத்துப் பொருத்தியபோது, சிவப்பு ஏறக்குறைய காணாமல் போனது. மிஞ்சியது கருவியின் பிழை வரம்புக்குள் அடங்கும் அளவுதான். ஆறு மாத இடைவெளியில் அதைத் தேய்மானம் என்று சொல்ல எனக்கு உரிமையே இல்லை.

அவரை வரவழைத்து நடந்ததைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "அப்போ கத்திரிக்கோலைக் கழட்டிடவா?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன், படம் தப்பாக இருந்தாலும் பள்ளம் நிஜம்தானே.

அதற்குப் பிறகு முறையை மாற்றிக்கொண்டேன். ஸ்கேனுக்கு முன் பல்மேல் ஒட்டியிருக்கும் அழுக்குப் படிவத்தை நீக்கி, எச்சிலை உறிஞ்சி, பல்லைக் காற்றால் உலர்த்துகிறேன். ஈரப் படலம் ஒளியைச் சிதறடித்து இல்லாத மேட்டைக் காட்டும். ஓராண்டுக்குக் குறைந்த இடைவெளியில் ஒப்பிடுவதில்லை. படத்தைப் பிறருக்குக் காட்டும் முன் நான் முதலில் தேடுவது நீலத்தைத்தான்.

இரண்டு ஆண்டு முடிந்து அவருக்கு எடுத்த ஸ்கேனில் பள்ளம் பச்சையாகவே இருந்தது. ஆனால் முன்பற்கள் இரண்டின் உட்புறத்தில், அண்ணத்தை நோக்கிய பக்கத்தில், மெல்லிய சிவப்பு. நூல் அங்கே போவதில்லை. விசாரித்ததில், வெயில் காலத்தில் நாளுக்கு நான்கைந்து எலுமிச்சை சோடா, அதுவும் வலையோடு உட்கார்ந்து மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது தெரிந்தது. அமிலத்தன்மை கூடக்கூடக் குறையும் பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினாலே எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு அதற்கும் வெகு கீழே, 2க்கும் 3க்கும் இடையில் நிற்பது.

"நூலை விட்டேன், இப்ப சோடாவையும் விடணுமா?" என்றார். விட வேண்டாம், எண்ணிக்கையைக் குறைத்து, ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தண்ணீரால் கொப்பளியுங்கள், உடனே பல் மட்டும் துலக்காதீர்கள் என்றேன். அடுத்த ஸ்கேனுக்குத் தேதி குறித்துக் கொடுத்தபோது, சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, "இந்த வாட்டி படத்தை ரெண்டு தபா பாத்துட்டுச் சொல்லும்மா" என்று சிரித்தார்.