அப்பா சாப்பிட்ட பந்தி

அப்பாவின் முதல் வருஷத் திதி முடிந்த மறுவாரம், அம்மாவையும் ஒரு மூட்டை பொன்னி அரிசியையும் ஏற்றிக்கொண்டு வடலூருக்குக் கிளம்பினேன். வள்ளலாரின் ஜோதி வழிபாட்டு இடமான ஞானசபைக்குப் போய்விட்டு வந்து, பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமசாலையில் அரிசியைக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். "மொதல்ல தருமசாலை. மத்தது அப்புறம்" என்றார் அம்மா.

இருபது வயதில் நெய்வேலிப் பக்கம் வேலை தேடி வந்த அப்பா, கைக்காசு தீர்ந்து இரண்டு நாள் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்தாராம். டீக்கடைக்காரர் ஒருவர் வழி சொல்ல, வடலூருக்கு நடந்தே போயிருக்கிறார். "பேரு ஊரு எதுவும் கேக்கல. உக்காரு தம்பி, மொதல்ல சாப்புடுன்னாங்க" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் குரல் உடைந்துவிடும்.

தருமசாலை அடுப்பு, 1867 மே 23 அன்று வள்ளலார் தம் கையால் மூட்டியது. தாது வருஷப் பஞ்சம் வருவதற்கு ஒன்பது வருஷம் முந்தி. பார்வதிபுரத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள். பசித்து வந்தவர்களுக்கு, சாதி மதம் பாராமல், அவர் சோறு போட்டார். 21 அடி நீள அடுப்பு, இன்றுவரை அணையவில்லை. அதன் முன்னால் நின்றபோது முகத்தில் அடித்த அனலில் அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். கருவறை முன்னால்கூட அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

அரிசியை இறக்கியதும் ரசீது போட்டார்கள். பெயர் கேட்டபோது அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னார்.

பந்தியில் எங்களுக்கு எதிரே ஒரு பாட்டி. கை நடுக்கத்தில் சோறு வாய்க்குப் போகுமுன் மடியில் சிந்தியது. பரிமாறிக்கொண்டிருந்த வெள்ளை வேட்டிப் பையன் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ரசத்தை ஊற்றிக் குழையப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி அவர் உள்ளங்கையில் வைத்தான். ஊட்டிவிடவில்லை. அவர் தாமாகவே சாப்பிடட்டும் என்று அவர் மணிக்கட்டை மட்டும் லேசாகத் தாங்கிக்கொண்டான். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களாம்மா?" பாட்டி தலையாட்டினார். நான் சாப்பிடுவதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஞானசபை. அன்று பூசம் இல்லாததால் திரை விலக்கிய ஜோதி தரிசனம் கிடையாது. ஏழு திரையும் நீங்குவது தைப்பூசத்தன்றுதான். வெளியே உட்கார்ந்து "அருட்பெருஞ்ஜோதி, தனிப்பெருங்கருணை" சொல்லிக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. அடுப்பை மூட்டி ஐந்தாவது வருஷம், 1872 தைப்பூசத்தில்தான் இந்தச் சபையில் வழிபாடு தொடங்கியது. வள்ளலாரே சோற்றை முன்னால் வைத்து, ஜோதியைப் பின்னால் வைத்திருக்கிறார். அம்மாவுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை.

கிளம்பலாம் என்று திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். தருமசாலையில் அடுத்த பந்தி உட்கார்ந்திருந்தது. யாரிடமோ செம்பை வாங்கி வரிசையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார்.

"முட்டி வலிக்கும்மா, குடு நான் ஊத்தறேன்."

"நீ அந்தக் கடைசி வரிசையப் பாரு" என்று இன்னொரு செம்பைக் காட்டினார்.