பழி பம்ப் மேல்

எங்கள் வீட்டு மாருதி 800, 1996 மாடல், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பழைய கார்புரேட்டர் வைத்த வண்டி. அப்பா ஓட்டியது என்பதால் விற்க மனசு வரவில்லை. இன்ஜின் புகை தள்ள ஆரம்பித்ததும், பழைய ஆல்டோ ஒன்றின் 796 சிசி எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினை (இன்ஜெக்டரால் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) அதை இயக்கும் கம்ப்யூட்டரான இ.சி.யு. சகிதம் வாங்கி அதில் உட்கார வைத்தோம். ஆர்.சி.யில் இன்ஜின் நம்பரை மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைந்த கதை தனி.

கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வந்து சேர்ந்தால் போதும். இன்ஜினோடு ஒட்டியிருக்கும் மெக்கானிக்கல் பம்ப் அதைப் பார்த்துக்கொள்ளும். இன்ஜெக்டருக்கோ 3 பார் பக்கம், அதாவது காற்றழுத்தத்தைப் போல மூன்று மடங்கு, அழுத்தம் வேண்டும். அதற்கு டேங்குக்குள்ளேயே மின்சார பம்ப். டேங்கையும் மாற்றினோம். ஆனால் பழைய பாடி வயரிங்கில் பின்பக்கம் பம்புக்கென்று லைனே கிடையாது. முன்னாலிருந்து புதிதாக வயர் இழுத்தார்கள். வினை அங்கேதான் இருந்தது, அது எனக்குத் தெரிய நாலு மாதம் ஆனது.

காலையில் சமர்த்தாக ஓடும். வெயிலில் முக்கால் மணி நேரம் போனால், மிதிக்க மிதிக்க பிக்கப் செத்துப்போகும். குன்னூர் ஏறும்போது பர்லியார் தாண்டி ஒரு வளைவில் நின்றேவிட்டது. பின்னால் பஸ்காரர் ஹாரனில் திட்டினார். அரை மணி ஆறவிட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது.

ஆளுக்கொரு வைத்தியம். ஃபில்டர் என்றார்கள், பிளக் என்றார்கள், பெட்ரோலில் கலப்படம் என்றார்கள். பம்ப்தான் என்று ஒருவர் சத்தியமே பண்ணினார். 2,800 ரூபாய்க்குப் புதுசு போட்டேன். பத்து நாள் தொந்தரவில்லை. அந்தப் பத்து நாளும் மழை பெய்து வண்டி குளுகுளுவென்று இருந்தது என்பது பிறகுதான் உறைத்தது.

அப்புறம் நானே மல்டிமீட்டர் வாங்கினேன். பம்பின் கனெக்டரைக் கழற்றி, அதில் மீட்டரை வைத்து, தம்பியைச் சாவி போடச் சொன்னேன். சாவி போட்டதும் இ.சி.யு. பம்பை இரண்டு விநாடி ஓட்டிவிட்டு நிறுத்தும். அந்த இரண்டு விநாடியில் 12.4 வோல்ட் காட்டியது. வயரிங் சுத்தம் என்று முடிவுகட்டினேன். இரண்டு மாதம் வீணானது இந்த ஒரு அளவினால்தான்.

கடைசியில் கோவை கணபதியில் ஒரு எலெக்ட்ரீசியன் அண்ணாவிடம் போனேன். நான் சோதித்த விதத்தைக் கேட்டுச் சிரித்தார். "கனெக்டரைக் கழட்டிட்டுப் பார்த்தா எல்லா வயரும் யோக்கியன்தானுங்க தம்பி. வேலை குடுத்துப் பாருங்க, அப்பத் தெரியும்."

விஷயம் எளிது. மீட்டர் கரண்ட் இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் முழு வோல்டேஜும் காட்டும். பம்ப் ஓடும்போது 4 ஆம்பியர் போகிறது; இணைப்பில் ஒரு ஓம் தடை இருந்தாலே 4 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். சூடேற ஏற தடை கூடும்.

வண்டியை நன்றாகச் சூடாக்கி, இன்ஜினை ஓடவிட்டு, கனெக்டரைக் கழற்றாமல் பின்புறமாக மெல்லிய ஊசியைச் செருகி அளந்தார். பேட்டரியில் 13.8, பம்பில் 9.1. வழியில் காணாமல்போன 4.7 வோல்ட்டைத் தேட, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை பம்ப் பிளஸ்ஸிலும் வைத்தார்: 1.5. அதேபோல மைனஸுக்கு மைனஸ்: 3.2. அரை வோல்ட்டுக்குள் இருந்தால் விட்டுவிடலாம் என்றார்.

பின் சீட்டைத் தூக்கினோம். பம்பின் மைனஸை பாடியோடு சேர்க்கும் எர்த் வயரை பெயின்ட்டின் மேலேயே ஒரு தகர ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தார்கள். கால்மிதியிலிருந்து இறங்கிய ஈரத்தில் முனை முழுக்கப் பச்சைக் களிம்பு. தொட்டேன், சுட்டது. கதவடியில் இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட், அதுவும் வீட்டு ஸ்பீக்கருக்குப் போடுகிற அளவு மெல்லிய வயர். இ.சி.யு. சொல்படி பம்புக்குக் கரண்டை விடும் சுவிட்ச்தான் ரிலே; அதன் சாக்கெட்டில் பம்புக்குக் கரண்ட் போகும் 87ஆம் நம்பர் பின் லூஸாகி, பிளாஸ்டிக் பழுத்திருந்தது.

இதற்கு முன்பே ஒருவர், "ரிலேயே வேணாம், பம்பை நேரா சாவி லைன்ல குடுத்துடலாம்" என்று சொல்லியிருந்தார். நல்லவேளை கேட்கவில்லை. இன்ஜின் சுற்றுவது நின்றால் இ.சி.யு. ரிலே வழியாகப் பம்பை நிறுத்திவிடும். நேராகக் கொடுத்திருந்தால், வண்டி எங்காவது மோதி பெட்ரோல் குழாய் அறுந்தாலும் சாவி ஆனில் இருக்கும்வரை பம்ப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும்.

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் டேங்க் பக்கம் கை வைத்தார். 2.5 சதுர மி.மீ. வயர், பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃப்யூஸ், புது ரிலேயும் சாக்கெட்டும். எர்த்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகு, வயர் நுனியில் உலோக வளையத்தை (லக்) அழுத்திப் பொருத்தி, போல்ட் போட்டு, மேலே கிரீஸ். கூலியோடு 1,400 ரூபாய். மறுபடி அளந்தால் பம்பில் 13.4.

அடுத்த ஞாயிறு மதியம், வேண்டுமென்றே வெயிலில், நாலு பேரை ஏற்றிக்கொண்டு குன்னூர் ஏறினேன். பர்லியாரில் நிற்கவில்லை. குறை சொல்லிக் கழற்றிய பழைய பம்பை அண்ணா சோதித்துப் பார்த்து, நல்லாத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். டிக்கியில் ஒரு துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், ஸ்பேராக.