மவுண்ட் பிளெசன்ட்டில் ஒரு மத்தியானம்

எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அப்பாவைக் கொண்டுபோனபோதுகூட நான் படலையோடு நின்றுவிட்டேன். ரொறன்ரோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஒக்ரோபரில், கூட வேலை செய்யும் அக்கா, "சாப்பிட்டிட்டு சிமெட்ரிக்குள்ள ஒரு நடை நடப்பமா?" என்று கேட்டதும் திக்கென்றது. சரி என்று போனேன்.

யங் வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் சோலை. மேப்பிள்கள் சிவந்து நின்றன. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு தாய்மார், வேர்க்க விறுவிறுக்க ஓடுகிறவர்கள். பாதைகளெல்லாம் வளைந்து வளைந்து போயின. 1876இல் திறந்த இந்த மவுண்ட் பிளெசன்ட் மயானத்தைத் தோட்டமாகவே வடிவமைத்தவர் ஏங்கல்ஹார்ட் என்ற ஜெர்மன்காரர்.

1820களில் இந்த ஊரில் ஆங்கிலிக்கன்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும்தான் இடுகாடு இருந்ததாம். மற்றச் சனத்துக்காக 1826இல் ஒரு பொது நிலம் ஒதுக்கினார்கள். நகரம் வளர வளர அது போதாமல் போய், பிறகுதான் இந்த மயானம் வந்தது. வந்து குடியேறியவர்கள் சாவுக்கும் இடம் தேடியிருக்கிறார்கள் என்று நினைக்க நெஞ்சு கனத்தது.

பியானோ மேதை கிளென் கூல்டின் கல்லில் பியானோ உருவமும் இசைக்குறிப்பும் செதுக்கியிருக்கிறது. கனடாவின் முன்னாள் பிரதமர் மக்கென்சி கிங்கும் இங்கேதான். அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பிரெட்ரிக் பான்ரிங் என்ற பெயரைக் கண்டதும் கால் நின்றுவிட்டது.

அம்மாவுக்குச் சலரோகம். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத அந்த வருடங்களில் இன்சுலின் போத்தலைப் பொலித்தீனில் சுற்றி, மண்சட்டியில் ஈரமணலுக்குள் புதைத்து வைப்போம். காலையிலும் மாலையிலும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பது என் வேலை. மணல் காய்ந்துவிடுமோ என்று பள்ளிக்கூடத்தில் இருந்தும் பயப்படுவேன். அந்த மருந்தை 1921இல் இதே ஊரில் தன் உதவியாளர் சார்ல்ஸ் பெஸ்ட்டோடு சேர்ந்து கண்டுபிடித்தவர் இவர். அதன் காப்புரிமையைக் கூட்டாளிகள் ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். பெஸ்ட்டும் இதே மயானத்தில்தான் இருக்கிறார்.

அங்கே நின்றபடியே அம்மாவுக்கு எடுத்தேன். ஊரில் இரவு பத்து மணி.

"சுடலைக்குள்ள நிண்டோ கதைக்கிறாய்? முழுகாமல் வீட்டுக்குள்ள போகாதை."

விசயத்தைச் சொல்லிக் கல்லை வீடியோவில் காட்டினேன். அம்மா கனநேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டா:

"அவருக்குப் பிள்ளையள் இருந்ததோ? ஆர் இப்ப பூ வைக்கினம்?"