எழுத்தறியாத வாசகர்கள்

குழந்தைகளுக்கான புத்தகத்தை எழுதுபவரும் பதிப்பிப்பவரும் விலை கொடுத்து வாங்குபவரும் பெரியவர்களே. ஒரு புத்தகம் உரிய வாசகரின் கைக்குப் போய்ச் சேருவதற்குள் இத்தனை பேருடைய ஒப்புதலைப் பெற்றாக வேண்டியிருப்பதால், அந்த ஒப்புதலை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்படும் புத்தகங்கள் பெருகிவிடுகின்றன. இது இன்று நேற்று தொடங்கியதன்று. 1744இல் லண்டனில் ஜான் நியூபெரி வெளியிட்ட குழந்தைகளுக்கான சிறு புத்தகத்தோடு ஆண் குழந்தைக்கு ஒரு பந்தும் பெண் குழந்தைக்கு ஓர் ஊசிமெத்தையும் விற்கப்பட்டன. ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் கறுப்புமான அவற்றில், நல்ல செயலுக்கு ஒரு பக்கத்திலும் தீய செயலுக்கு மறுபக்கத்திலும் குண்டூசி குத்திக் கணக்கு வைக்க வேண்டும். குழந்தைகளை மகிழ்விக்க வேண்டும் என்று மெய்யாகவே விரும்பிய ஒருவரால்கூடக் கண்காணிக்கும் ஆசையைக் கைவிட முடியவில்லை.

எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தையும் முழுமையான வாசகர்தான் என்பது என் உறுதியான எண்ணம். பெரியவர் வரியைப் படித்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் குழந்தை படத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. பல சமயங்களில் நம்மைவிடக் கூர்மையாகவே படிக்கிறது. இதை நன்கு உணர்ந்து செய்யப்பட்ட புத்தகங்களுள் ஒன்று, 1960களின் பிற்பகுதியில் பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்த ‘ரோசிஸ் வாக்’. ரோசி என்ற கோழி முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோல் போரின் மேலேறி நடந்துவிட்டு இரவு உணவு நேரத்துக்குத் திரும்பிவிடுகிறது என்பதற்கு மேல் அதன் எழுத்தில் எதுவுமில்லை. ஆங்கிலத்தில் 32 சொற்கள்தாம். படத்திலோ, கோழியின் பின்னாலேயே ஒரு நரி பாய்ந்து பாய்ந்து, ஒவ்வொரு முறையும் அடிபட்டு விழுகிறது. அந்த நரியைப் பற்றி எழுத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது.

என் தங்கை மகள் மூன்று வயதில் இந்தப் புத்தகத்தைக் கேட்டபோது, நான் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடாதபடி உள்ளங்கையைத் தாளின் மேல் அழுத்திக்கொண்டு, “மாமா, நரி வருது, சொல்லுங்க!” என்று பதறினாள். புத்தகத்தில் அப்படி எழுதவில்லை என்று நான் சொன்னதும் அவள் முகத்தில் பரவிய பெருமிதத்தை என்னால் மறக்க இயலாது. படிக்கத் தெரிந்த மாமாவுக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்திருக்கிறது என்ற அந்த உணர்வை, எந்தப் பாராட்டும் ஒரு குழந்தைக்குத் தந்துவிட முடியாது. அதற்குப் பிறகு நரியை அறியாதவனாகவே நான் ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும் என்பது அவளுடைய கட்டளையாயிற்று.

படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைவதற்கு, பெரிய தாளை அச்சிட்டு மடித்து வெட்டும் முறையே காரணம். தலைப்புப் பக்கம் முதலியவை போக எஞ்சும் சொற்ப இடத்தில், எதை எழுத்தில் சொல்வது, எதைப் படத்துக்கு விடுவது, எதைப் பக்கம் புரளும் அந்தக் கணத்துக்காக ஒளித்துவைப்பது என்று தீர்மானிப்பதில்தான் படைப்பாளியின் திறமை முழுவதும் இருக்கிறது. 1963இல் வெளிவந்த மாரிஸ் சென்டாக்கின் ‘வேர் த வைல்டு திங்ஸ் ஆர்’ புத்தகத்தில், சிறுவனின் கற்பனை விரிய விரியப் படமும் பக்கத்தில் பெருகி, எழுத்தை ஓரத்துக்குத் தள்ளி, கடைசியில் மூன்று இரட்டைப் பக்கங்களில் எழுத்தே இல்லாமல் போய்விடுகிறது. அங்கே படித்துக்காட்டும் பெரியவர் வாயை மூடிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. கதையை நடத்தும் பொறுப்பு குழந்தையின் கைக்குப் போய்விடுகிறது.

இத்தகைய நம்பிக்கையைத்தான் குழந்தைகளுக்காக எழுதும் எல்லோரிடமும் நான் எதிர்பார்க்கிறேன். கதை முடிந்த பிறகு கட்டம் கட்டி நீதி அச்சிடுவது அந்த நம்பிக்கையின்மையின் அடையாளம். புத்தகத்தை மூடியதும் “இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?” என்று பெரியவர்கள் கேட்பதும் அதைப் போன்றதே, அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகிய குழந்தை, கதையின் நடுவிலேயே விடை தேடத் தொடங்கிவிடுகிறது.

குழந்தை தானாகப் படிக்கத் தொடங்கியதும் படித்துக்காட்டுவதை நிறுத்திவிடும் வழக்கமும் எனக்கு வருத்தம் தருகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில், காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் கண்ணால் படித்துப் புரிந்துகொள்ளும் திறனைவிடப் பல ஆண்டுகள் முன்னே சென்றிருக்கும். ஏழு வயதுக் குழந்தை தானாகப் படிக்கக்கூடியவை மிக எளிய வரிகளாக இருக்கலாம். ஆனால், அதே குழந்தை நீண்ட நாவலொன்றை இரவுக்கு ஓர் அத்தியாயமாகக் கேட்டு, மறுநாள் விட்ட இடத்தைச் சரியாக நினைவூட்டும். அந்த ஆண்டுகளில் இருவிதப் புத்தகங்களும் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டாவது வகையைப் படித்துக்காட்ட ஒரு பெரியவரும் வேண்டும்.