இட்லிப் பொடிக்கு வந்த 14 இலக்கம்

மதுரை செல்லூரில் வாடகை வீடு. சமையல்கட்டுதான் என் ஃபேக்டரி. மாமியார் பக்குவத்தில் இட்லிப் பொடி அரைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 2022-ல் கீழமாசி வீதி மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் ருசி பார்த்துவிட்டு, "வாரம் 10 கிலோ எடுத்துக்கிறேம்மா. ஆனா நம்பர் இல்லாத பாக்கெட்ட கடைக்குள்ள வைக்க மாட்டேன்" என்றார்.

நம்பர் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொடுக்கிற நம்பர், 14 இலக்கம். அப்போதைய விதிப்படி வருஷ வியாபாரம் 12 லட்சத்துக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம், பதிவு போதும். கட்டணம் அப்போது வருஷத்துக்கு 100 ரூபாய். ஏஜென்ட் ஒருவர் 2500 கேட்டார். நூறு ரூபாய் வேலைக்கு எதற்கென்று நானே ஆன்லைனில் போட்டேன். போட்டோ, ஆதார், பணம் எல்லாம் அரைமணி நேரத்தில் முடிந்தது.

ஒன்பதாம் நாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. ஆதாரில் பழைய கதவு எண், கரண்ட் பில் வீட்டுக்காரர் பேரில். உணவுப் பாதுகாப்பு ஆபீசுக்கு நேரில் போய்க் கேட்டால் வீட்டுக்காரரிடம் சம்மதக் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். கூடவே தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையும் வேண்டுமாம். பதிவுக்கு அது எங்கே கேட்டிருக்கிறது என்றேன். "இருந்தா நல்லதும்மா" என்று பதில். இந்த 'இருந்தா நல்லது'தான் என்னை ஒன்றரை மாசம் அலைய வைத்தது.

வீட்டுக்காரர் கையெழுத்துப் போடவே பயந்தார். "நாளைக்கு ஈபிகாரன் வந்து கமர்சியல்னு மாத்திட்டா யாரும்மா கட்டுறது?" அவர் பயமும் நியாயம்தான். என் ஒரு மிக்சிக்காக அந்த வீட்டுக்கே கடை ரேட் போட்டுவிடுவார்களோ என்று எனக்கும் தூக்கம் வரவில்லை.

விண்ணப்பம் போட்டால் ஆபீசில் 7 நாளுக்குள் பதிவு கொடுக்கணும், இல்லை காரணம் எழுதி மறுக்கணும், இல்லை ஆய்வுக்கு வரணும். 30 நாளாகியும் முடிவு சொல்லாவிட்டால் தொழிலைத் தொடங்கலாம் என்று உணவுத் தொழில் பதிவுக்கான 2011 விதியிலேயே இருக்கிறது. ஜெராக்ஸ் கடைத் தம்பிதான் செல்போனில் எடுத்துக் காட்டினான். அந்தப் பக்கத்தைப் பிரின்ட் போட்டு விண்ணப்பத்தோடு வைத்து மேஜையில் நீட்டினேன். சண்டை போடவில்லை. அடுத்த வாரம் நம்பர் வந்தது. தண்ணீர் அறிக்கையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

அத்தோடு விட்டதா? பாக்கெட் போட்டு விற்கிறவர் எடையளவுச் சட்டத்தில் தனியாகப் பதியணும், அதற்கு 500. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை. இதெல்லாம் நம் ஊரில் தொழிலாளர் துறைப் பக்கம். என்னிடம் தொழிலாளியே இல்லை, மாமியார்தான் உண்டு. ஆனால் தராசு முத்திரையை நான் குறை சொல்ல மாட்டேன். காய்க்கடையில் நாமும் ஏமாந்தவர்கள்தானே.

ஸ்டிக்கர்தான் கடைசி அடி. 500 அடித்து அண்ணாச்சியிடம் கொண்டுபோனால், சைவக் குறியின் பச்சை வட்டம் சின்னதாக இருக்கிறது என்றார். சின்னப் பாக்கெட்டில்கூட வட்டம் குறைந்தது 3 மில்லிமீட்டர், சுற்றியுள்ள சதுரம் 6 மில்லிமீட்டர் இருக்கணுமாம். மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், வட்டம் ரெண்டுதான் இருந்தது. மறுபடி அடித்தேன். அந்த வாரமே முதல் 10 கிலோ கீழமாசி வீதிக்குப் போனது.

பழைய ஸ்டிக்கர் கட்டு பீரோ மேல் கிடக்கிறது. அதன் பின்தாளில்தான் மாமியார் பால் கணக்கு எழுதுகிறார்.