சிவப்பு விளக்கில் அணைந்துபோகும் எஞ்சின்

குளிர்ந்திருக்கும்போது என் 1967 எம்ஜிபி-யை, அந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை, ஒரு குறையும் சொல்ல முடியாது. கூடுதல் பெட்ரோல் கொடுக்கும் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ளும். இருபது நிமிடம் ஓடிச் சூடேறிய பிறகுதான் தொல்லை. சிவப்பு விளக்கில் நிறுத்தியதும் ஆர்பிஎம் முள் 1,200-க்கு ஏறும், 500-க்கு விழும், மறுபடி ஏறும். மூன்றாவது முறை விழும்போது எஞ்சின் அணைந்துவிடும்.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் இதில் இரண்டு. அவற்றில் ஐடிலிங் திருகு, அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைச் சரிசெய்யும் திருகு, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. அதனால் முதலில் அதைத்தான் திருப்பினேன். இரண்டு வாரம் தினமும் கால் சுற்று, அரைச் சுற்று. ஒரு நாள் சரியாகும், மறுநாள் பழைய கதை. ஒரு மாலை அத்தனையையும் நிறுத்திவிட்டு, கார்புரேட்டரைக் கடைசியாகத்தான் தொடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள சந்து. குளிர்ந்த எஞ்சினில் 0.38 மி.மீ. எட்டு வால்வுகளுக்கும் 'ஒன்பது' என்றொரு கணக்கு உண்டு: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்ய வேண்டும், ஏழாவதற்கு இரண்டாவது, இப்படியே கூட்டுத்தொகை ஒன்பது. இரண்டு வால்வுகள் இறுக்கமாக இருந்தன. அடுத்து தீப்பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரின் தொடுமுனைகள், அதாவது பாயின்ட், இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வர வேண்டும். தேய்ந்திருந்ததை மாற்றி, தீப்பொறி விழும் நேரமான டைமிங்கையும் பார்த்தேன். எஞ்சின் மென்மையானது, ஆனால் முள்ளின் ஊஞ்சலாட்டம் நிற்கவில்லை.

அப்படியானால் எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. இந்தக் கோளாறு ஏன் ஐடிலிங்கில் மட்டும் தெரிகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த புதிர். கால் எடுத்தவுடன், கார்புரேட்டரில் காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. கலவையை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு குழாய்க்குள் உறிஞ்சுவிசை உச்சத்தில் இருக்கிறது. எஞ்சின் குடிக்கும் காற்றோ மிகக் குறைவு. அந்த நேரத்தில் மயிரிழை அளவு இடுக்கு வழியாக வரும் காற்றும் பெரும் பங்காகிவிடுகிறது, கலவை மெலிந்துபோகிறது. வேகத்தில் அதே இடுக்கு ஒரு பொருட்டே இல்லை. சோக் இழுத்திருக்கும்வரை கூடுதல் பெட்ரோல் அந்தக் குறையை மூடி மறைக்கிறது. குளிரில் எஞ்சின் நல்ல பிள்ளையாக இருந்த மர்மமும் அதுவே. நான் திருகைத் திருப்பியபோதெல்லாம் த்ராட்டிலை இன்னும் கொஞ்சம் திறந்து நோயை ஒளித்துவைத்திருக்கிறேன்.

ஒழுகலைத் தேட எரியக்கூடிய ஸ்ப்ரே அடிப்பவர்கள் உண்டு. இந்த எஞ்சினில் அதை நான் செய்யவே மாட்டேன். உறிஞ்சும் பக்கமும் புகைபோகும் பக்கமும் ஒரே புறத்தில் இருக்கின்றன. கார்புரேட்டர்களுக்குக் கீழேயே சுடச்சுட எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது புகைக்குழாய். பூவாளியாகத் தூவும் சிறு பாட்டிலில் தண்ணீர் போதும். இடுக்கில் நீர் பட்டதும் அது ஒரு கணம் அடைபட, எஞ்சினின் ஒலி மாறும்.

மேனிஃபோல்டு இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டில் தூவினேன், மாற்றமில்லை. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸின் காற்றை உறிஞ்சும் வால்வு அடுத்த சந்தேகம்; அதற்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால் இதே கோளாறு வரும். ஐடிலிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். ஆர்பிஎம் சுமார் 200 ஏறியது. வால்வு நலமாக இருப்பதற்கு அதுவே அடையாளம். பிறகு பின்பக்க கார்புரேட்டரின் த்ராட்டில் தகட்டைத் தாங்கும் தண்டு, அதாவது ஸ்பிண்டில், வெளியே வரும் இடத்தில் இரண்டு துளி. எஞ்சின் உடனே தணிந்து நிதானமானது. மறுபடி தூவினேன், மறுபடி அதே. ஸ்பிண்டிலை விரலால் மேலும் கீழும் அசைத்தேன். ஆடியது! அரை நூற்றாண்டுக்கு மேல் சுழன்று சுழன்று பித்தளைத் தண்டும் அதைத் தாங்கும் துளையும் தேய்ந்திருந்தன.

புதிய ஸ்பிண்டில் மட்டும் போட்டுப் பார்த்தேன், ஆட்டம் பாதிதான் குறைந்தது. துளையைப் பெரிதாக்கிப் புஷ் என்ற சிறு உலோக வளையத்தைப் பதிக்க வேண்டியிருந்தது. மீண்டும் பூட்டும்போது இரண்டு விஷயங்களில் அவசரம் கூடாது. தகட்டின் திருகுகளைத் தளர்வாக விட்டு, த்ராட்டிலைப் பலமுறை மூடித் திறந்து தகடு தானாக நடுவில் அமர்ந்த பிறகே இறுக்க வேண்டும். பிறகு பிளவுபட்ட திருகு முனைகளை விரித்துவிட வேண்டும். திருகு கழன்றால் நேராக எஞ்சினுக்குள்தான் போகும்.

அதன்பிறகே கார்புரேட்டர் சரிசெய்தல், அதுவும் அரை மணி நேர வேலை. பெட்ரோல் வரும் சிறு குழாய்களான இரண்டு ஜெட்களையும் மேலே ஏற்றி, அவற்றின் அறுகோண நட்டைப் பன்னிரண்டு முகம், அதாவது இரண்டு சுற்று, இறக்கினேன். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, இரண்டின் சீறலும் ஒன்றாகும்வரை ஐடிலிங் திருகுகளைத் திருத்தினேன். பிறகு கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்த்தேன். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. சற்றே ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. முன்பக்கத்தில் ஒரு முகம் மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

நேற்று நெரிசலில் நாற்பது நிமிடம் ஊர்ந்தேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கண் முள்ளின் மேலேயே இருந்தது. 800-ல் நின்றது, அசையவில்லை. வீட்டுக்கு வந்தும் உடனே அணைக்க மனம் வரவில்லை. பானெட்டைத் திறந்துவைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றேன்.